காஞ்சியில் வேரூன்றிய நாற்று

நாற்றங்காலில் வளர்ந்த நெற்பயிரைப் பிடுங்கி வேறு வயலில் நடும் உழவன், நட்ட மறுநாளே அது தழைத்து நிற்கும் என்று எதிர்பாரான். பசுமை குன்றித் தலை சாய்ந்து சில நாள் வாடிய பின்னரே அது புதிய சேற்றில் வேர்விட்டுப் பச்சை பிடிக்கும். அவ்வாட்டம் நோயன்று, பழைய மண்ணை விட்டுப் புதிய மண்ணைப் பழகும் காலமேயாகும். மக்கள் வாழ்க்கையும் இத்தன்மைத்தே. பிறந்த ஊரின் வெயிலும் பனியும் காற்றும் நீரும் உடம்போடு ஒன்றாய்க் கலந்துவிட்ட பின்னர், நெடுந்தொலைவிலுள்ள வேறொரு நாட்டிற் சென்று குடிபுகும் சிறுவன் படும் பாடு சொல்லுந் தரத்ததன்று. ஆயின், அங்ஙனம் பிடுங்கி நடப்பட்ட ஒரு பாலன், நட்ட மண்ணிலேயே வேரூன்றி 65 ஆண்டுக்காலம் நிலைபெற்ற வரலாறு நம் தமிழகத்தில் உண்டு. அப்பாலனே பல்லவமல்லன் எனப் பெயர்பெற்ற இரண்டாம் நந்திவர்மன். அவன் நடப்பட்ட வயல், இன்று பட்டு நெசவாலும் கோபுரங்களாலும் உலகறிந்து விளங்கும் காஞ்சிமாநகரம்.

கி. பி. 731-ஆம் ஆண்டளவில் காஞ்சி பெரியதோர் இடர்ப்பாட்டில் ஆழ்ந்திருந்தது. கயிலாசநாதர் கோயிலை எடுத்து அழியாப் புகழ் கொண்ட இராசசிம்மனுக்குப் பின்னர் அரசு கட்டிலேறிய இரண்டாம் பரமேசுவரவர்மன், சில ஆண்டுகளே ஆண்டு உயிர் நீத்தான். அவனுக்குப்பின் முடிசூடுவார் யாவர் என்பது வினாவாயிற்று. மேற்கே சாளுக்கியரும் தெற்கே பாண்டியரும் காலம் பார்த்திருந்த நாள் அது. தலைவனில்லா நாடு காவலில்லாப் புனம் போல்வது என்பதை அறிந்த அமைச்சரும், காஞ்சியின் கல்விநிலையமாகிய கடிகையைச் சார்ந்த சான்றோரும், குடிகளின் தலைவரும் ஒருங்குகூடி ஆராய்ந்தனர். பல்லவர் குடியில் மற்றொரு கிளை இருந்தது அவர்கள் நினைவிற்கு வந்தது. சிம்மவிஷ்ணுவின் தம்பியாகிய பீமவர்மன் வழியில் வந்தோர் தொலைவிலுள்ள ஒரு நாட்டில் வாழ்ந்து வந்தனர். சிம்மவிஷ்ணுவின் காலத்திற்கும் அந்நாளுக்கும் இடையே ஒரு நூற்றாண்டிற்கு மேல் கழிந்திருந்தது. எனினும் குருதித் தொடர்பு அறவில்லை. அக்கிளையின் தலைவனாகிய இரணியவர்மனைக் கண்டு அரசன் ஒருவனைத் தரும்படி வேண்டுவது என்று முடிவு செய்து, அவர்கள் நெடுவழி புறப்பட்டனர்.

மாணவராகிய நாம் இங்கே ஒன்றைக் கருதுதல் தகும். நாட்டிற்கு அரசனைத் தேடிச் சென்றோருள் படைத்தலைவர் மட்டும் இருந்திலர். கடிகையின் கல்விமான்களும் இருந்தனர். நூல் பயிலும் மன்றத்தில் இருப்போர் நாட்டின் நலத்தில் எத்துணைப் பங்கு கொண்டிருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

இரணியவர்மனுக்கு மைந்தர் நால்வர். சீமல்லன், இரணமல்லன், சங்கிராமமல்லன், பல்லவமல்லன் என்பன அவர்தம் பெயர்கள். வந்தோரின் வேண்டுகோளைக் கேட்ட தந்தை மைந்தரை அழைத்து, காஞ்சிக்குச் செல்ல இசைவார் யாவர் என்று வினவினான். மூத்தோர் மூவரும் ஒருவர்பின் ஒருவராக மறுத்தனர். அவர்களைப் பழித்தல் தகாது. அறியாத நாடு, அறியாத மக்கள், சுற்றிலும் பகைவர், தலைமேல் முள்முடி. இவற்றை எண்ணிப் பார்க்கும் அகவை அவர்கட்கு வந்திருந்தது. இளையவனாகிய பல்லவமல்லனோ, தந்தையை வணங்கி எழுந்து, தான் செல்வதாகக் கூறினான். அப்பொழுது அவனுக்கு அகவை 12.

தந்தையின் உள்ளம் அதற்கு எளிதில் இசைந்ததில்லை. பன்னீராட்டைப் பிள்ளையை மீளா வழியில் அனுப்புதற்கு எந்தத் தந்தையின் நெஞ்சம் துணியும்? வந்தோர் கொணர்ந்து வைத்த முடிகள் அவன் கலங்கிய கண்களுக்கு யானைத் தலைகளைப் போலத் தோன்றின என்றும், தரணிகொண்ட போசர் என்னும் பெரியார் அவை யானைத் தலைகள் அல்ல, அவன் மைந்தனுக்குரிய மகுடங்களே என்று தெளிவித்தார் என்றும் காஞ்சிச் சிற்பத்தொடரின் எழுத்துக்கள் அறிவிக்கின்றன. மகன் பெறப்போகும் மகுடம் தந்தைக்கு மதயானையாய்த் தோன்றிற்று! பெற்றோர் அச்சத்தை இதனினும் நுட்பமாக உணர்த்தும் வரலாற்றுச் செய்தி வேறொன்று உண்டோ என்பது ஐயமே. இறுதியில் அவன் மனந்தேறி விடைகொடுத்தான்.

பாலன் புறப்பட்டான். மலைகள் பல, ஆறுகள் பல, அடர்ந்த காடுகள் பல கடந்து வந்தான் என்று அவ்வெழுத்துக்கள் கூறும். எந்நாட்டினின்று வந்தான் என்பதற்கு நாட்டின் பெயர் சொல்லப்படவில்லை. கடலுக்கு அப்பாலுள்ள சம்பா, காம்போசம் முதலிய கீழ்த்திசை நாடுகளுள் ஒன்று என்பது ஆராய்ச்சியாளர் சிலர் கருத்து. பாரத நாட்டின் எல்லைக்குள்ளேயே ஒரு பகுதி என்பது வேறு சிலர் கருத்து. எதுவாயினும், வழி நெடியது என்பதிலும், விட்டு வந்த இடம் காஞ்சியினின்றும் வேறுபட்டது என்பதிலும் ஐயமில்லை.

பல்லவநாட்டின் எல்லையை அணுகியதும் பல்லவடி அரையர் என்பவர் பெரும்படையுடன் எதிர்கொண்டு, பாலனை யானைமேல் ஏற்றினார். சிற்றரசரும் நகரத்தாரும் காடக்க முத்தரையரும் சூழ்ந்து வரவேற்க அவன் காஞ்சியுட் புகுந்தான். அமைச்சரும் சிற்றரசரும் கடிகையாரும் கூடி அவனுக்கு முடிசூட்டி நந்திவர்மன் என்று பெயரிட்டனர். விடேல்விடுகு என்னும் முத்திரை, சமுத்திரகோஷம் என்னும் முரசு, கட்வாங்கக் கொடி, இடபச் சின்னம் ஆகிய அரசுரிமைப் பொருள்கள் அவனுக்கு அளிக்கப்பட்டன. தந்தை இட்ட பெயரும் பின்னே நின்றது. நாடு இட்ட பெயர் முன்னே வந்தது. புதிய ஊர் அப்பாலனுக்கு முதன்முதல் அளித்த பரிசில் புதியதொரு பெயரேயாம்.

நிற்க. முடிசூட்டு விழா ஒருநாளில் முடியும். பருவங்களோடு பழகுதல் அவ்வாறு முடிவதன்று. அந்நாட் காஞ்சியின் தன்மை எத்தகையது? பல்லவமல்லன் வருவதற்கு ஏறக்குறைய 90 ஆண்டுகட்கு முன்னர், ஏழாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், சீன யாத்திரிகராகிய யுவான் சுவாங் இந்நாட்டைப் பற்றி எழுதி வைத்துள்ளார். தட்பவெப்பம் வெம்மை மிக்கது, நிலம் வளமானது, தானியம் மிகுதி, மக்கள் அஞ்சா நெஞ்சினர், கல்வியைப் போற்றுவோர் என்பன அவர் கண்ட உண்மைகள். குளிர்நாட்டினின்று வந்த அப்பெரியார் வெப்பத்தைக் குறிப்பிட மறந்திலர் என்பது நோக்கத்தக்கது.

பல்லவமல்லன் எத்திங்களில் வந்து சேர்ந்தானாயினும், ஓராண்டு சுழல்வதற்குள் காஞ்சியின் பருவங்கள் அனைத்தையும் அவன் கண்டிருத்தல் வேண்டும். சித்திரையிலும் வைகாசியிலும் இந்நகரின் கல்லும் மண்ணும் கனல் கக்கும். நண்பகலில் தெருக்கள் ஆளற்றுக் கிடக்கும். அரண்மனையின் தடித்த சுவர்களும் மாலைவரை வெம்மையை உட்கொண்டு, இரவெல்லாம் அதனை மெல்ல மெல்ல உமிழும். ஆறு என்று பெயர் சொல்லிக் காட்டும் பாலாறு, கரைக்குக் கரை வெண்மணலாய்க் கிடக்கும். நீர் ஓடாத ஆற்றை ஆறு என்று எவ்வாறு அழைப்பது என்று வேற்றுநாட்டுப் பிள்ளை வியவாதிருத்தல் அரிது. ஆனால் அம்மணலைக் கையளவு தோண்டியவுடன் ஊற்றுநீர் சுரப்பதைக் கண்டபோது, இந்நாடு தன் செல்வத்தை மேலே காட்டாது உள்ளே மறைத்து வைப்பது என்பதை அவன் உணர்ந்திருப்பான். ஆடியில் காற்று புழுதியை வாரி இறைக்கும். ஆவணி புரட்டாசி மாலைகளில் இடியும் மின்னலுமாய் மழை வந்து போகும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வாடைமழை பெய்யத் தொடங்கினாலோ, பகலிது இரவிது என்று அறிய வொண்ணாதபடி வானம் இடைவிடாது பொழியும். கீழைக் கடலில் எழும் புயலும் சில ஆண்டுகளில் இந்நகரை எட்டிப் பார்க்கும். ஆண்டு முழுவதற்கும் வேண்டிய நீரின் பெரும்பகுதி அச்சில கிழமைகளிலேயே வந்து விழும். அதனைத் தேக்கி வைத்தால் வாழ்வு, தவறவிட்டால் வறட்சி. மார்கழியில் பனி, தையில் பொன்விளைந்த கழனி.

இப்பருவச் சுழற்சியைப் பொறுத்துக்கொள்ளுதல் முதற்படி. வெயிலுக்கு மோரும் நுங்கும் சந்தனமும், மழைக்குத் தாழ்வாரமும் கணப்பும் என இந்நாட்டார் வழிவழியாகக் கண்டறிந்த காப்புக்கள் உண்டு. ஆயின் பொறுத்தலோடு நின்றவன் என்றும் விருந்தினனாகவே இருப்பான். ஏன் இவ்வாறு வெயில் காய்கிறது, எப்பொழுது மழை வரும், வந்த மழையை எவ்வாறு காப்பது என்று அறிந்துகொள்பவனே அந்நாட்டவன் ஆவான். பல்லவமல்லன் இவ்விரண்டாம் படியையும் ஏறினான் என்பதற்குச் சான்று உண்டு. அதனைக் காண்பதற்கு முன்னர், அவன் வேரையே அசைத்துப் பார்த்த புயல்களைச் சிறிது நோக்குவோம்.

அரியணை ஏறிய சில ஆண்டுகட்குள் மேலைச் சாளுக்கிய மன்னனாகிய இரண்டாம் விக்கிரமாதித்தன் பெரும்படையுடன் வந்து காஞ்சியைக் கைப்பற்றினான். இளவேந்தன் நகரை விட்டு அகல நேர்ந்தது. வென்றவன் நகரை எரித்திலன். கோயிற் செல்வத்தைக் கொள்ளையிட்டிலன். கயிலாசநாதர் கோயிலின் பெருஞ்செல்வத்தைக் கண்டு வியந்து, அதனை இறைவனுக்கே திரும்ப அளித்ததாக அக்கோயிற் கல்லிலேயே கன்னட மொழியில் பொறித்துச் சென்றான். அவன் செயல் பெருந்தன்மை வாய்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பிறந்த நாட்டை விட்டு வந்து, வந்த நாட்டையும் இழந்து நின்ற இளைஞனுக்கு அந்நாள் எத்தகையதாய் இருந்திருக்கும்! திரும்பிச் செல்ல அவனுக்கு வழி இருந்தது. தமையன்மார் மறுத்தது அறிவுடைமை என்று சொல்லிக் கொள்ளவும் இடம் இருந்தது. அவன் திரும்பவில்லை.

மற்றொரு முறை, அரசுரிமை கோரிய சித்திரமாயன் என்பவனுக்குத் துணையாய்த் தென்னாட்டு மன்னர் திரண்டு, குடந்தைக்கு அருகிலிருந்த நந்திபுரத்தில் பல்லவமல்லனை வளைத்துக் கொண்டனர். கோட்டைக்குள் அடைபட்ட வேந்தனை மீட்க விரைந்து வந்தவன் உதயசந்திரன் என்னும் படைத்தலைவன். காஞ்சியை அடுத்து ஓடும் வேகவதியாற்றின் கரையிலுள்ள வில்வலபுரம் அவன் ஊர். பல்லவர்க்கு வழிவழியாகத் தொண்டு பூண்ட குடியினன் அவன். அவன் முற்றுகையை உடைத்துச் சித்திரமாயனை வீழ்த்தி, தன் அரசனை மீட்டான். நிம்பவனம், சூதவனம், நெல்வேலி முதலிய களங்களிலும் வெற்றி கண்டான். இச்செய்திகளை 21-ஆம் ஆட்சியாண்டிற் பொறிக்கப்பட்ட உதயேந்திரம் செப்பேடுகள் விரித்துரைக்கின்றன. வேற்றுநாட்டினின்று வந்தவனுக்காக வேகவதிக் கரையான் உயிரைப் பணயம் வைத்தான் என்பதே இதன் உட்பொருள். நாற்று மண்ணைப் பற்றினால் மட்டும் போதாது. மண்ணும் நாற்றைப் பற்றுதல் வேண்டும். காஞ்சி அவனைப் பற்றிக் கொண்டது.

இனி அவன் காஞ்சியை அறிந்தவாற்றைக் காண்போம். 22-ஆம் ஆட்சியாண்டில் அவன் வழங்கிய கொடையொன்று காசாக்குடிச் செப்பேடுகளிற் காணப்படுகிறது. காஞ்சிக்கு அண்மையிலுள்ள ஊற்றுக்காட்டுக் கோட்டத்துக் கொடுகொள்ளி என்னும் ஊர், ஏகதீரமங்கலம் எனப் புதுப்பெயரிட்டு அந்தணர் ஒருவருக்கு அளிக்கப்பட்டது. குடிகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட வேந்தன் என்று அச்செப்பேடு இவனைக் குறிப்பிடுவது பெருமைக்குரியது. ஆயின் நம் கருத்திற்குப் பெரிதும் ஏற்புடையது அதன் தமிழ்ப்பகுதியேயாகும். சேயாற்றினின்றும், வெஃகா எனப்படும் வேகவதியினின்றும், திரையனேரியினின்றும் நீர் கொண்டுவரக் கால்கள் தோண்டிக் கொள்ளும் உரிமை அதில் வழங்கப்பட்டுள்ளது. அக்கால்களை வெட்டித் திருப்பியோ, அடைத்தோ, கூடையிட்டு இறைத்தோ நீரைக் கவர்வார் அரசனுக்குத் தண்டம் இறுத்தல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டுள்ளது. திரையனேரி இன்று தென்னேரி என வழங்கும் பேரேரி என்பர் ஆராய்ச்சியாளர்.

பன்னிரண்டாம் ஆண்டில் மணலாறு கண்டு மலைத்திருக்கக்கூடிய பிள்ளை, முப்பத்துநான்காம் ஆண்டில் எந்த ஆற்றின் நீர் எந்த ஊர்க்குப் பாயும், எந்த ஏரியினின்று எவ்வழியே கால் வெட்டலாம், அண்டை வயலான் எவ்வாறு நீரைத் திருடுவான் என்பனவெல்லாம் விளங்கத் தன் பெயரால் ஆணை பிறப்பிக்கின்றான்! அதிகாரிகள் எழுதியதே ஆயினும் அரசன் பெயர் தாங்கிய ஆணை அது. தட்பவெப்பத்தோடு பொருந்துதல் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா. காஞ்சியின் வெயிலை அவனால் மாற்ற இயலவில்லை. அவ்வெயிலுக்கு அஞ்சாத ஏரிநீரைக் காக்க இயன்றது. ஏரியும் காலும் மட்டுமோ? அவன் காலத்துச் செப்பேடுகளிற் காணப்படும் வரிகளின் வரிசையில் செக்கும் தறியும் இடம்பெறுகின்றன. தறியொலி இந்நாட்டில் அன்றே அரசனின் கணக்கேடு வரை எட்டியிருந்தது என்பது இன்றைய நெசவாளர் பெருமையுடன் அறியத்தக்கது.

அவன் பிற்கால வாழ்வு அமைதியும் வெற்றியும் கலந்தது. கங்க மன்னனை வென்று உக்கிரோதயம் என்னும் மணி பதித்த அணிகலனைக் கைக்கொண்டான். இராட்டிரகூடர் குடியில் தோன்றிய ரேவா என்பாளை மணந்து தந்திவர்மனைப் பெற்றான். பரமேசுவர விண்ணகரம் என்னும் வைகுந்தப்பெருமாள் கோயிலைக் காஞ்சியில் எடுத்தான். மூன்று நிலைகளில் இறைவன் இருந்தும் கிடந்தும் நின்றும் காட்சியளிக்கும் அக்கோயிலைத் திருமங்கையாழ்வார் பத்துப் பாசுரங்களாற் பாடியிருப்பதைத் தமிழ் பயில்வோர் அறிவர். ஏறத்தாழ கி. பி. 796 வரை அவன் ஆட்சி நீடித்தது. நந்திக்கலம்பகத்தின் தலைவனாகிய மூன்றாம் நந்திவர்மன் இவனுக்குப் பெயரன். சொல்லளவிலும் பெயரன், பெயர் பூண்ட அளவிலும் பெயரன். காஞ்சி மக்கள் அன்று யானைமீது வந்த பாலனுக்குச் சூட்டிய பெயர், மூன்றாம் தலைமுறையில் தமிழிலக்கியத்தில் நிலைத்துவிட்டது.

இவ்வேந்தன் வாழ்வில் யாம் மிகவும் வியப்பது ஒன்று உண்டு. வெளியூரினின்று வந்து உயர்நிலை பெற்றோர் பலர், தாம் வந்த வழியை மறைக்கவே முயல்வர். பல்லவமல்லன் அவ்வாறு செய்திலன். வைகுந்தப்பெருமாள் கோயிலின் திருச்சுற்றில், சிங்கத்தூண்கள் தாங்கும் நடைக்கூடத்துச் சுவரில், பல்லவர் வரலாறு வரிசை வரிசையாகப் புடைப்புச் சிற்பங்களாய்ச் செதுக்கப்பட்டுள்ளது. அதில் இவன் கதைக்கு மட்டும் தமிழில் விளக்க எழுத்துக்களும் பொறிக்கப்பட்டன. அரசனின்றி நாடு தவித்தது, தூதர் தேடி வந்தது, தமையன்மார் மறுத்தது, தந்தை கலங்கியது, பன்னிரண்டு வயதுப் பிள்ளை மலையும் ஆறும் காடும் கடந்து வந்தது என எல்லாம் அச்சுவரில் உண்டு. வேந்தன் தன் உரிமையை நிலைநாட்டவே இவ்வாறு பொறித்தான் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். சித்திரமாயனின் பக்கத்துக் கதை கல்லில் ஏறவில்லை என்பதும் மெய்யே. ஆயினும், தான் வந்தேறி என்பதை உரிமைக்கு ஊறாகக் கருதாது, உரிமைக்குச் சான்றாகவே காட்டிய துணிவு பாராட்டற்பாலது. தான் எங்கோ பிறந்தவன் என்பதனை, தான் பழகிய தமிழிலேயே எழுதுவித்தான். அம்மொழியே அவன் இந்நாட்டவன் என்பதற்கு முத்திரையாயிற்று.

மணற்கல்லாலான அச்சிற்பங்கள் பதினொரு நூற்றாண்டுக்கு மேல் வெயிலிலும் மழையிலும் தேய்ந்து, பார்ப்போர்க்குப் பொருள் விளங்காது நின்றன. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து பொருள் கண்டவருள் சிறந்தவர் டாக்டர் மீனாட்சி அம்மையார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1936-இல் டாக்டர் பட்டம் பெற்று, பெண்மக்கள் எவரும் அதுவரை எய்தாத நிலையை எய்தியவர் அவர். 1940-இல் தமது 34-ஆம் அகவையில் அவர் மறைந்தார். இச்சிற்பங்களைப் பற்றிய அவர்தம் நூல் 1941-இல் வெளிவந்தது. கல்லில் உறங்கிய பாலனின் பயணத்தை எழுப்பித் தந்த அவ்வம்மையாருக்கு நாம் என்றும் கடப்பாடுடையோம்.

இன்றும் நம் கல்லூரி விடுதிகளுக்குத் தொலைவூர்களினின்றும் பிறநாடுகளினின்றும் இளைஞர் வந்து சேர்கின்றனர். முதலாண்டின் முதற்பருவத்தில் நீர் ஒவ்வாது, வெயில் தாளாது, உறக்கம் வாராது அவர்கள் வாடுவதைக் காண்கின்றோம். அவர்களை ஏளனம் செய்யாது, நாற்று வாடும் நாள் இது என்று உணர்தல் நம் கடன். வந்தோர்க்கும் ஒன்று சொல்லலாம். வெயிலைப் பொறுப்பதோடு நில்லாது, அவ்வெயிலில் வாழும் மக்களின் நீரையும் மொழியையும் அறிய முயல்க. இருப்போர் வேகவதிக் கரை உதயசந்திரனைப் போலத் துணை நிற்க. வருவோர் பல்லவமல்லனைப் போல வேரூன்றுக. அங்ஙனம் இருதிறத்தாரும் தத்தம் கடனை ஆற்றுவராயின், நட்ட பயிர் பச்சை பிடிக்கும், வயலும் விளையும்.